தணிகாசலத்துக்கு வயதாகிறது

நாங்கள் சுட்டுக் கொன்ற போலீஸ்காரருக்கு நான்காம் நாள் காலையில் தாடி முளைத்திருந்தது. நாங்கள் என்று சொல்வது ஊருக்காகச் சொல்வது. விசையை இழுத்தது சாலம்மா ஒருத்திதான். ஆனால் அன்று எங்கள் ஊரான நாவக்கொல்லையில் பத்தொன்பது துப்பாக்கிகள் இருந்தன, எல்லாம் கடலைக் காட்டில் இறங்கும் பன்றிகளை விரட்ட வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கிகள், பத்தொன்பதும் ஒரே பக்கம் பார்த்துத்தான் நீட்டியிருந்தன, அவளுடையது முந்திக்கொண்டது, அவ்வளவுதான்.

அதற்கு முன்னால் பதினோரு வருஷம் நாங்கள் மனுதான் எழுதினோம். பங்களாக்காரர் என்று நாங்கள் சொல்லும் முதலாளியிடம் சட்டம் அனுமதித்த அளவுக்கு மேல் இருந்த முந்நூறு ஏக்கரை நிலமில்லாத எங்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று சர்க்காரே சொல்லியிருந்தது. இரண்டு முறை உத்தரவும் கையெழுத்தானது, இரண்டு முறையும் அது தாலுகா ஆபீஸ் படியை விட்டு இறங்கி வரவில்லை. மனு கொடுக்கப் போன அன்றைக்குக் கூலி போனது, போய் வந்த மறுநாள் அடி விழுந்தது, பங்களாத் தெருவில் செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள்கூட நடந்தார்கள். பன்னிரண்டாம் வருஷம் சாலம்மாவின் புருஷன் வேடியப்பன், மனுக்களையெல்லாம் எழுதியவனே அவன்தான், பேனாவை மூடிச் சட்டைப்பையில் சொருகிவிட்டு, "இனிமே எழுதறதுக்கு ஒண்ணுமில்ல, உழுவோம். தடுக்க வந்தா நம்மகிட்டயும் துப்பாக்கி இருக்குதுன்னு காட்டுவோம். காட்டினா போதும், சுட வேண்டி வராது" என்றான். நாங்கள் நம்பினோம். அவனும் நம்பித்தான் சொன்னான்.

உழுதோம், விதைத்தோம். கடலை பூவெடுத்திருந்த சமயம் பங்களாக்காரர் ஒரு டிராக்டரோடும் பன்னிரண்டு போலீஸ்காரர்களோடும் வந்தார். கலப்பை முதல் சாலில் இறங்கி, பூவும் பிஞ்சுமாகச் செடிகள் வேரோடு புரண்டபோது யாரோ வீலென்று கத்தினார்கள். அந்த நேரம் தணிகாசலம் என்ற இருபத்திரண்டு வயதுப் போலீஸ்காரர், வேலையில் சேர்ந்து ஏழே மாதம் ஆனவர், பம்புசெட் தொட்டியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். தொப்பியைத் தொட்டி விளிம்பில் வைத்து, லத்தியை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கி, இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தவர், கத்தல் கேட்டுச் சட்டென்று திரும்பினார். சாலம்மா பதினைந்தடி தள்ளி நின்றாள். அவர் மோவாயில் தண்ணீர் இன்னும் வழிந்துகொண்டிருந்ததைச் சுட்ட பிறகுதான் பார்த்தாள்.

பத்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது. போலீஸ்காரர்கள் ஓடினார்கள், டிராக்டர் ஓட்டியவன் குதித்து ஓடினான், பங்களாக்காரரின் ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது, அவர் அதற்குப் பிறகு எங்கள் ஊர் மண்ணை மிதிக்கவே இல்லை. காலை பத்து மணிக்கு முந்நூறு ஏக்கரும் எங்களுடையதாக இருந்தது. ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதோம், சிரித்தோம், ஈர மண்ணை அள்ளி நெற்றியில் பூசிக்கொண்டோம், தொட்டியோரம் கிடந்தவரை மட்டும் யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் மூன்று போலீஸ் வேன்கள் வந்தன. அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள், எங்களை அடித்தார்கள், சாலம்மாவோடு சேர்த்து முப்பத்தொரு பேரைப் பிடித்துப் போனார்கள், வேடியப்பனைத் தனியாகக் காட்டுக்குள் கூட்டிப் போனார்கள். மூன்று நாள் கழித்து ஆடு மேய்ப்பவர்கள்தான் அவனைக் கண்டுபிடித்தார்கள். எறும்பு மொய்த்து, வயிறு ஊதி, செத்தவர்கள் எல்லோரையும் போலவே கிடந்தான். அன்றைக்கே புதைத்தோம்.

தணிகாசலம் அப்படி ஆகவில்லை. ஜில்லா ஆஸ்பத்திரியில் நாடி பார்த்தார்கள், இல்லை; மூச்சு பார்த்தார்கள், இல்லை; நெஞ்சில் ரவைகள் பாய்ந்த ஒன்பது ஓட்டைகள் இருந்தன; ஆனால் உடம்பு கெடவில்லை, தாடி வளர்ந்தது, நகம் வளர்ந்தது, ஒரு மாதத்தில் மீசை அடர்ந்தது. இறந்துவிட்டார் என்று எழுத டாக்டருக்குக் கை வரவில்லை, இருக்கிறார் என்று எழுதவும் கை வரவில்லை, அதனால் நகம் வெட்டச் சொல்லி எழுதிவிட்டு அடுத்த வார்டுக்குப் போனார். கோர்ட்டில் இது கொலையா, கொலை முயற்சியா என்று ஒன்றரை வருஷம் வாதாடினார்கள். ஜட்ஜ் தானே ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, செத்தவனுக்குத் தொப்பை விழாது என்று சொல்லி, கொலை முயற்சி என்றே வைத்து, மற்ற முப்பது பேரை விட்டுவிட்டு, சாலம்மாவுக்குப் பிடித்த நாளிலிருந்து எண்ணி ஏழு வருஷம் கொடுத்தார். அவளுடைய பெண் குழந்தை தமயந்தியை வேடியப்பனின் தங்கை எடுத்து வளர்த்தாள்.

தீர்ப்பு வந்த வாரம் ஒரு வேன் வந்து பம்புசெட் அருகே நின்றது. உள்ளே தணிகாசலத்தைப் படுக்கவைத்திருந்தது. அதிலிருந்து இறங்கியவள் அவருடைய தாய் கன்னியம்மா. திருத்தணிப் பக்கம் செங்கல் சூளையில் கல் அறுத்து, புருஷன் இல்லாமல் ஒற்றையாளாக மகனைப் போலீசாக்கியவள். எங்களைவிடக் கறுத்து, எங்களைவிட மெலிந்து, எங்களுடையதைவிடக் காய்த்துப்போன கைகளோடு அவள் நின்றாள். அவளைப் பார்த்ததும் நாங்கள் தலையைக் குனிந்துகொண்டோம். பங்களா வீட்டு அம்மாள் மாதிரி யாரோ வருவார்கள் என்று நினைத்திருந்தோம்.

"எம்மாம் பெரிய காடு புடிச்சிக்கீறீங்க" என்றாள், முந்நூறு ஏக்கரையும் ஒரு சுற்றுப் பார்த்து. "இதுல இவனுக்கு ஒரு கட்டில் போட எடம் இருக்கும்ல? என்னால ஒண்டியா பாத்துக்க முடியல. சாச்சவங்க நீங்க. நீங்களே பாத்துக்கங்க."

யாரும் மறுக்கவில்லை. பம்புசெட் ரூமில் மோட்டாரை ஓரமாகத் தள்ளிக் கட்டில் போட்டோம். பக்கத்திலேயே அவளுக்கு ஒரு குடிசை. திங்கள் மேலத்தெரு, செவ்வாய் கீழத்தெரு என்று முறை வைத்து அவரைக் குளிப்பாட்டினோம், சவரம் செய்தோம், வேட்டி மாற்றினோம். முதல் மாதம் பயமாக இருந்தது, இரண்டாம் மாதம் கூச்சமாக இருந்தது, மூன்றாம் மாதம் மோட்டார் போட வரும் பெண்கள் அவரிடம் புருஷன்மாரைப் பற்றிக் குறை சொல்லத் தொடங்கிவிட்டார்கள். பிள்ளைகளுக்கு அவர் போலீஸ் மாமா. ஒரு தேர்தலன்று காலை அவருடைய இடது சுட்டுவிரலில் மை இருந்தது. எந்தக் கட்சிக்குப் போட்டிருப்பார் என்று டீக்கடையில் ஒரு வாரம் சண்டை நடந்தது. அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது: அவருக்கு வெறுமனே வயது ஏறவில்லை. நாங்கள் சுடாமல் விட்டிருந்தால் அவருக்கு என்னென்ன நடந்திருக்குமோ அதெல்லாம் எங்கேயோ நடந்து, அதன் தழும்பும் கறையும் மட்டும் இந்தக் கட்டிலுக்கு வந்து சேர்ந்துகொண்டிருந்தன.

ஏழு வருஷம் கழித்துச் சாலம்மா ஜெயிலிலிருந்து வந்தபோது நிலம் எங்கள் பெயருக்கு ஆகியிருந்தது. பள்ளிக்கூடம் பெரிதாகியிருந்தது, பஸ் ஊருக்குள்ளேயே வந்து திரும்பியது, ஒன்பது வயது தமயந்தி நீல நிறச் செருப்பு போட்டுக்கொண்டு பங்களாத் தெரு வழியாக டக் டக்கென்று நடந்து வந்தாள். சாலம்மா அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிள்ளை அவள் பக்கத்தில் வரவில்லை, அத்தையின் முந்தானைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது.

இன்னொன்றையும் அவள் பார்த்தாள். நிலத்தைப் பங்கு வைத்தபோது, துப்பாக்கி வைத்திருந்த பத்தொன்பது குடும்பங்களும் கிணற்றோரம் எடுத்துக்கொண்டிருந்தோம். மற்றவர்களுக்குக் கரட்டுப் பக்கம் கல்லுக்காடு. கேட்க வந்தவர்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த துப்பாக்கியைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். யாரும் யாரையும் மிரட்டவில்லை. காட்டினால் போதும் என்று வேடியப்பன் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

தன் பங்காக ஒதுக்கியிருந்த கிணற்றோர இரண்டு ஏக்கரைச் சாலம்மா கரட்டுப் பக்கத்து விதவை ஒருத்திக்கு மாற்றிக் கொடுத்தாள். பிறகு பம்புசெட்டுக்குப் போனாள். கன்னியம்மா வாசலில் கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"நீதானா?"

"நான்தாங்கம்மா."

"கிட்ட வா. எந்தக் கை?"

சாலம்மா வலது கையை நீட்டினாள். கன்னியம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், உள்ளங்கையைத் தடவினாள், பிறகு எழுந்து உள்ளே போய்ச் சவரக்கத்தியைக் கொண்டுவந்து அந்தக் கையில் வைத்தாள்.

"இன்னிலேர்ந்து நீதான். ஊராளுங்க முறை வெச்சிகினு ஏனோதானோன்னு இழுக்கறாங்க, மோவாயெல்லாம் காயம். பாத்து பொறுமையா செய்."

அன்றிலிருந்து முப்பத்திரண்டு வருஷம் சாலம்மாதான் செய்தாள், தண்ணீர் மட்டும் நாங்கள் முறை வைத்துச் சுமந்தோம். முதல் ஒரு வருஷம் அந்த இருவரும் வேலைக்கு வேண்டிய வார்த்தைகளைத் தவிர எதுவும் பேசிக்கொள்ளவில்லை. ஒருநாள் அவர் காதோரம் கத்தியை இழுத்துக்கொண்டே சாலம்மா கேட்டுவிட்டாள்.

"எங்க ஆளு மூணே நாள்ல அழுகிட்டாரு பெரிம்மா. ஊருக்காக உயிரைக் கொடுத்தவரு. அவருக்கு நடக்காதது இவருக்கு மட்டும் ஏன் நடக்குது?"

கன்னியம்மா சோப்பு நுரையை அவருடைய மறு கன்னத்தில் தடவினாள்.

"எனக்கு இன்னாடி தெரியும்" என்றாள். "உன் புருசன் இன்னாத்துக்குச் சாவறோம்னு தெரிஞ்சி செத்தான். இவன் தண்ணி குடிக்கப் போனான்."

முப்பதாவது வயதில் ஒரு தை மாதக் காலையில் அவர் தலைமுடியில் மஞ்சள் அரிசி இருந்தது, மார்பில் சந்தனம் காய்ந்திருந்தது, வலது கை மோதிர விரலில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. கல்யாணம் ஆகியிருக்கும் என்று ஊர் சொன்னது, வீட்டுக்கு வீடு வெல்லம் கொடுத்தோம். கன்னியம்மாவும் ஒரு துண்டு வாயில் போட்டுக்கொண்டாள். அடுத்த வருஷக் கடைசியில் சாலம்மா சவரம் செய்ய உட்கார்ந்தபோது, அவருடைய இடது கன்னத்தில் மெல்லிய சிவப்புக் கீறல்கள் நான்கு இருந்தன. பூனை கீறியதோ என்று குனிந்து பார்த்தாள். பூனை நகம் இல்லை, அதைவிடச் சிறியது. தோள்பட்டையில் கண்மை ஈஷியிருந்தது. பால் வாசனை அடித்தது.

"பொண்ணு" என்றாள் கன்னியம்மா, பக்கத்தில் வந்து பார்த்து. "பொட்டப்புள்ள நகம்தான் இம்மாங்கூர்மையா இருக்கும். இவனும் கைக்கொழந்தையில என்னைக் கீறுவான், ஆனா இம்மாம் ஆழமா இல்ல."

சாலம்மா கத்தியைக் கீழே வைத்தாள். எழுந்து தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். மூன்று நாள் அவள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. தமயந்திதான் போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தாள், அதுதான் அந்தப் பிள்ளை அவளை முதன்முதலாகத் தொட்டது. நான்காம் நாள் சாலம்மா திரும்பப் போய்க் கன்னியம்மாவிடம், "அந்தக் கொழந்தை எங்க இருக்குது பெரிம்மா?" என்று கேட்டாள். கன்னியம்மா முறத்தில் இருந்த கடலைத் தோலை ஊதிக்கொண்டே இருந்தாள், ஊதி முடித்த பிறகும் ஊதிக்கொண்டே இருந்தாள்.

வருஷத்துக்கு ஒருமுறை, வேடியப்பன் நினைவு நாளன்று, பக்கத்து ஊரான ஆத்துமேட்டிலிருந்து தீர்த்தகிரி வருவார். வேடியப்பனோடு சேர்ந்து மனு எழுதியவர். நாங்கள் துப்பாக்கி எடுத்தபோது அவர் தன் ஊர்க்காரர்களைத் தடுத்து நிறுத்தி, கலெக்டர் ஆபீஸ் முன்னால் நாற்பத்துமூன்று நாள் உட்காரவைத்தார். எங்களுக்கு நிலம் எழுதிக் கொடுத்து ஐந்து வருஷம் கழித்து அவர்களுக்கும் கிடைத்தது. "ஒரு உசுரு போகல, ஒருத்தன் ஜெயிலுக்குப் போகல. அஞ்சு வருசம் பொறுத்திருக்கலாம்ல?" என்பார் அவர். "எங்க வெடிச் சத்தத்துக்குப் பயந்துதான்யா உனக்குக் கொடுத்தான்" என்போம் நாங்கள். இந்தச் சண்டை ஒவ்வொரு வருஷமும் நடக்கும், ஒவ்வொரு வருஷமும் சாப்பாட்டுப் பந்தியில் முடியும். சாலம்மா அதில் வாய் திறந்ததே இல்லை.

தமயந்தி படித்து, பரீட்சை எழுதி, தாலுகா ஆபீசிலேயே வேலைக்குப் போனாள். எந்தப் படியில் எங்கள் உத்தரவுகள் நின்றுபோயினவோ அதே படியில் ஏறி இறங்கினாள். ஒருநாள் பழைய கட்டுகளைப் பிரித்து அடுக்கும்போது ஒரு தாளைப் பார்த்துவிட்டு, அன்றைக்கு அரை நாள் லீவு போட்டு வந்து, கட்டிலருகே துணி அலசிக்கொண்டிருந்த தாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மா, மூணாவதா ஒரு உத்தரவு இருந்திருக்குது. நீ சுடறதுக்கு இருபது நாள் முன்னாடியே கையெழுத்தாயிருக்குது."

சாலம்மா துணியைப் பிழிந்தாள். "முன்ன ரெண்டும் கையெழுத்தாகித்தானே கெடந்துது?"

"ஆமா."

"இது வந்திருக்குமா, வராதா?"

"தெரியலம்மா. அந்தத் தாளை வெச்சி ஒண்ணும் சொல்ல முடியாது."

"சரி, போய்ச் சாப்பிடு" என்றாள் சாலம்மா. அதற்குப் பிறகு பல நாள் அவள் துணி அலசும்போது பிழிந்ததையே மறுபடி மறுபடி பிழிந்துகொண்டிருப்பதை நாங்கள் பார்த்தோம்.

கன்னியம்மா தன் எழுபத்தாறாவது வயதில், கடலை பிடுங்கும் நாளில், களத்துமேட்டிலேயே சாய்ந்து செத்துப் போனாள். அவள் எல்லோரையும் போலத்தான் செத்தாள். கொள்ளி வைக்க மகன் இருந்தும் எழுந்து வர முடியாதே என்று நாங்கள் தயங்கி நின்றபோது, பம்புசெட்டிலிருந்து சாலம்மா ஓடி வந்தாள். "மொட்டை அடிச்சிருக்குது" என்றாள். போய்ப் பார்த்தோம். தணிகாசலத்தின் தலை மழுங்கச் சிரைத்திருந்தது, மீசை இல்லை, மூடிய கண்களின் ஓரத்தில் உப்புப் பூத்திருந்தது. எங்கேயோ ஓரிடத்தில் அவர் தன் தாய்க்குச் செய்ய வேண்டியதையெல்லாம் செய்துகொண்டிருந்தார். எங்கள் ஊரில் அவளுக்கு அதை நாங்கள் செய்தோம்.

அதற்குப் பிறகு சாலம்மா தனியாகப் பார்த்துக்கொண்டாள். ஐம்பத்தெட்டு முடிந்த அன்று அவர் கழுத்தில் மாலை நார் உரசிய தடம் இருந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருப்பார். அறுபதில் மூக்கின் இருபுறமும் கண்ணாடி அழுத்திய பள்ளம். அந்த வருஷம் தீர்த்தகிரி கோலூன்றிக்கொண்டு வந்தார். அதுதான் அவர் கடைசியாக வந்தது. பந்திக்குப் போகாமல் நேரே பம்புசெட்டுக்கு வந்து, சாலம்மாவுக்கு எதிரே மெல்ல உட்கார்ந்தார்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும் தங்கச்சி. இத்தனை வருசம் சொல்லாம வெச்சிருந்தேன். எங்க ஊர் பட்டாவுல கையெழுத்து போட்டப்ப, அந்த அதிகாரி என்னைப் பக்கத்துல கூப்பிட்டு, இன்னொரு நாவக்கொல்லை ஆயிடக் கூடாதுல்ல, அதான் போடறேன்னாரு. ஊர்ல யாருக்கும் நான் சொல்லல."

"இப்ப எதுக்குண்ணா சொல்றீங்க?"

"தெரிஞ்சிக்கட்டுமேன்னுதான்." அவர் கட்டிலைப் பார்த்தார். "ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காத. அந்த நாள் திரும்ப வந்தா சுடுவியா?"

சாலம்மா தணிகாசலத்தின் கால்விரல்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு விரலாகத் துடைத்து முடித்தாள்.

"அந்தத் தெருவும் அந்த அடியும் அந்த டிராக்டரும் அப்படியே வந்தா, சுடுவன்னுதாண்ணா தோணுது" என்றாள். "அதைத்தான் என்னால தாங்க முடியல."

தீர்த்தகிரி கோலை ஊன்றினார். அவர் எழுந்திருக்கக் கை கொடுத்துவிட்டு, அவள் வேலையைப் பார்க்கப் போனாள்.

அறுபத்தோராம் வயதில், பங்குனியில் ஒருநாள், சாலம்மா கத்தியோடு போனபோது சவரம் செய்ய எதுவும் இல்லை. முந்தைய நாள் வழித்த கன்னம் வழித்தபடியே இருந்தது. உள்ளங்கை விறைத்திருந்தது. மத்தியானத்துக்குள் ஈ வந்து உட்கார்ந்தது, முப்பத்தொன்பது வருஷத்தில் முதல்முறையாக. எங்கேயோ அவர் தன் வீட்டில், தன் மனைவியும் மகளும் சுற்றி நிற்க, அல்லது யாரும் இல்லாமல், செத்துப் போயிருக்க வேண்டும். ஊர் மொத்தமும் பம்புசெட்டுக்கு வந்து சேர்ந்தது. போலீஸ் ஸ்டேஷனிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். கிராம நிர்வாக அதிகாரி, சின்ன வயசு மனுஷர், படிவத்தைத் தொட்டி மேடையில் விரித்து வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தார்.

"இறந்த தேதி என்ன போடட்டும்?"

"இன்னைக்கே போடுங்க சார்" என்றோம் நாங்கள், பல பேர் ஒன்றாக. அப்படிப் போட்டால் எல்லாம் நல்லபடியாக இருந்தது. ஒரு மனுஷன் எங்கள் ஊரில் அறுபத்தொரு வயது வரைக்கும் இருந்து, நாங்கள் பார்த்துக்கொண்டு, நோய் நொடியில்லாமல் போய்ச் சேர்ந்தான் என்று ஆகிவிடும். நாங்கள் அதைத்தான் விரும்பினோம். உண்மையைச் சொன்னால், அந்த நாளுக்காகத்தான் இத்தனை வருஷம் தண்ணீர் சுமந்தோம்.

"இன்னைக்குன்னு போடாதீங்க சார்" என்றாள் சாலம்மா.

கூட்டம் திரும்பிப் பார்த்தது. தமயந்தி தாயின் கையைப் பிடித்தாள். "அம்மா, சும்மா இரு. அன்னைக்குத் தேதியப் போட்டா கேஸ் கொலைன்னு ஆயிடும். மறுபடியும் கெளம்பும்."

"கெளம்பட்டும்." சாலம்மா கையை விடுவித்துக்கொண்டு படிவத்துக்குப் பக்கத்தில் வந்தாள். "இன்னைக்குன்னு போட்டா இவரு இத்தனை வருசம் வாழ்ந்தாருன்னு ஆயிடும். வாழல சார். நாங்க குளிப்பாட்டினோம், வேட்டி கட்டினோம், கல்யாணம்னு வெல்லம் தின்னோம். வாழ்ந்தது நாங்க. இவரு வாழல. அன்னைக்குத் தேதியவே எழுதுங்க."

 கிராம நிர்வாக அதிகாரி எங்களைப் பார்த்தார். நாங்கள் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர் தேதியை எழுதினார்.

"வயசு?"

"இருபத்திரண்டு" என்றாள் சாலம்மா.

அவர் கட்டிலில் கிடந்த நரைத்த தலையை ஒரு தடவை பார்த்தார். பிறகு குனிந்து, இருபத்திரண்டு என்று எழுத்தால் எழுதி, படிவத்தை அவள் பக்கம் திருப்பினார். சாட்சி என்ற இடத்தில் சாலம்மா கையெழுத்துப் போட்டாள். அவள் நகர்ந்ததும், அன்றைக்கு அந்தக் காட்டில் நின்றிருந்தவர்களில் உயிரோடு மிச்சம் இருந்த நாங்கள், ஒருவர் பின் ஒருவராக எழுந்து போய் அவள் பெயருக்குக் கீழே எங்கள் பெயர்களை எழுதினோம்.